இரவு வேட்டைக்கு எடை குறைந்த ரைபிள் ஸ்கோப்: தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். அடுத்தது விலை. எடை நினைவுக்கு வருவது பெரும்பாலும் வாங்கி மாட்டிய பிறகு, இருட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கித் தோள்பட்டை கடுக்கத் தொடங்கும்போதுதான். அதற்குப் பயந்து இருப்பதிலேயே லேசான ஒன்றை வாங்கினால் வேறொரு சிக்கல் வருகிறது. எதிரே நிற்பது காட்டுப்பன்றியா, யாரோ வளர்க்கும் கன்றுக்குட்டியா என்று அதில் தெரியாது. இரவில் அதைவிடப் பெரிய குறை ஒரு ஸ்கோப்புக்கு இருக்க முடியாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில்தான் போகும்: துப்பாக்கியின் மேல் ஏறும் ஒவ்வொரு கிராமும், எதிரே இருப்பது எது என்று உறுதிப்படுத்த உதவ வேண்டும். அதற்கு உதவாத எடையை எல்லாம் இறக்கிவிடலாம்.

முதலில் சட்டம்

எந்த மாடல் என்று தேடுவதற்கு முன் நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். வேட்டையே தடை செய்யப்பட்ட நாடுகள் உண்டு. வேட்டைக்கு அனுமதி இருந்தும் சூரியன் மறைந்த பிறகு கூடாது என்பார்கள் சில இடங்களில். பயிரை அழிக்கும் சில விலங்குகளுக்கு மட்டும் இரவு அனுமதி தரும் இடங்களும் இருக்கின்றன. கருவிகளிலும் பாகுபாடு உண்டு: வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவைக் கையில் வைத்துப் பார்த்தால் சரி, அதையே துப்பாக்கியில் மாட்டினால் குற்றம், சாதாரண ஸ்கோப் சரி, அகச்சிவப்பு விளக்கு கூடாது என்பது போல. இது தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். எலக்ட்ரானிக் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லாத இடத்தில் தெர்மல் பற்றிய பகுதியை நீங்கள் படிக்க வேண்டியதே இல்லை.

எடை உங்களுக்கு எங்கே உறுத்தும்?

பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு 300 கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. துப்பாக்கி பலகையில் சாய்ந்தே கிடக்கும். மணிக்கணக்கில் நடந்து, நின்றபடியோ கவைக்கோலில் தாங்கியோ சுடுபவருக்கு அந்த 300 கிராம் நன்றாகவே தெரியும். ஏனென்றால் ஸ்கோப்பின் எடை குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கி பக்கவாட்டில் சாயப் பார்க்கும், அதை நேராகப் பிடித்து நிறுத்தும் வேலை கைக்கு வரும். எடை கூடுகிற அளவுக்கு அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

எடையைக் குறைத்தால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியும் ஸ்கோப்பும் சேர்ந்த மொத்த எடை எவ்வளவு குறைகிறதோ, தோளில் வாங்கும் உதை அந்த விகிதத்தில் ஏறும். 2.7 கிலோ ரைபிளில் 900 கிராம் ஸ்கோப் மாட்டினால் மொத்தம் 3.6 கிலோ. 350 கிராம் ஸ்கோப் மாட்டினால் 3.05 கிலோ. இரண்டாவதில் உதையின் ஆற்றல் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல். ரைபிள் ஏற்கெனவே லேசு, தோட்டா பெரியது என்றால் ஸ்கோப்பிலும் கடைசி கிராம் வரை சுரண்ட வேண்டாம். அடுத்த குண்டு சுடுவதற்கு முன்பே தோள் பயப்பட ஆரம்பித்துவிடும்.

தேடும் வேலையைத் துப்பாக்கியிலிருந்து இறக்குங்கள்

எடையைக் குறைக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இதுதான், ஸ்கோப் விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். வயல் முழுவதையும் துழாவித் தேடுவதற்குக் கழுத்தில் தொங்கும் சிறிய தெர்மல் கருவி ஒன்று போதும். அப்படி ஒன்று இருந்தால் துப்பாக்கி ஸ்கோப்புக்கு இரண்டே வேலை: எது என்று உறுதி செய்வது, எங்கே சுடுவது என்று காட்டுவது. அகலமான பார்வை, பெரிய சென்சார், மணிக்கணக்கில் ஓடும் பேட்டரி எதுவும் அதில் தேவைப்படாது.

பாதுகாப்புக்கும் இதுவே சரி. ஸ்கோப்பை வைத்துத் தேடுகிறவர், இன்னும் என்னவென்றே தெரியாத ஒவ்வொரு வெப்பப் புள்ளியின் மீதும் துப்பாக்கிக் குழலை நீட்டுகிறார். அந்தப் புள்ளி பீடி பற்றவைக்க உட்கார்ந்த ஆளாக இருக்கலாம். பணம் ஒரு பெரிய தெர்மல் ஸ்கோப்பின் விலைக்குத்தான் இருக்கிறது என்றால் அதில் கையில் பிடிக்கும் தெர்மலையும் சாதாரண லென்ஸ் ஸ்கோப்பையும் சேர்த்து வாங்குங்கள். ஒரே பெரிய தெர்மல் ஸ்கோப்பை வாங்குவதைவிட அது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சாதாரண லென்ஸ் ஸ்கோப்: 42 போதுமா, 56 வேண்டுமா?

நிலவொளியிலும் அந்தி மங்கலிலும் வேட்டையாடுபவருக்குப் பேட்டரி இல்லாத கண்ணாடி ஸ்கோப்தான் இன்னமும் எடை குறைந்த தேர்வு. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். முழு நிலவில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 0.1 முதல் 0.3 லக்ஸ். நிலவில்லாத தெளிந்த இரவில் விண்மீன் ஒளி 0.001 லக்ஸ் அளவுதான். நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அமாவாசை இருட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் உதவாது.

இரவு ஸ்கோப் என்றாலே முன் லென்ஸ் 56 மி.மீ. இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கோப்பின் பின்பக்கம் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம், முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 8×56 ஸ்கோப்பில் 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7 மி.மீ. 42 மி.மீ. லென்ஸில் 6 மடங்கு வைத்தாலும் அதே 7 மி.மீ. இரண்டிலும் கண்ணுக்கு வரும் வெளிச்சம் ஒன்றுதான். 56 தருவது அதே வெளிச்சத்தில் 6 மடங்குக்குப் பதிலாக 8 மடங்கு உருப்பெருக்கம். கூடுதல் உருப்பெருக்கம் மங்கலில் விவரத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் 80 மீட்டரில் சுடுபவருக்கு 6 மடங்கு தாராளம். அவர் எதற்கு அந்தப் பெரிய லென்ஸையும், அதற்காக உயர்த்திய ரிங்கையும் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையம்) சுமக்க வேண்டும்?

இதில் உங்கள் கண்ணுக்கும் பங்கு இருக்கிறது. இளம் வயதில் இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும், பலருக்கு 5 மி.மீ. பக்கத்தில் நின்றுவிடும். அப்படிப்பட்ட கண்ணுக்கு 7 மி.மீ. ஒளிவட்டம் அனுப்பினாலும் ஓரத்து ஒளி உள்ளே போகாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இருட்டில் அரைமணி நேரம் இருங்கள். 5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) ஒன்றைக் கண்ணுக்கு மிக அருகே, கண்ணில் படாமல் செங்குத்தாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஒரு விண்மீனைப் பாருங்கள். சாவியின் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் விண்மீன் தெரிந்தால் உங்கள் கண்மணி 5 மி.மீட்டரைவிட அகலம். தெரியாவிட்டால் 42 மி.மீ. லென்ஸில் 8 மடங்கு வரை உங்கள் கண்ணுக்கு வெளிச்சம் முழுமையாகவே வருகிறது, 56-க்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து லென்ஸின் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் 12 பரப்புகள் என்று வைத்தால் முன்னே நுழைந்த ஒளியில் 60 சதவீதம்தான் பின்னே வரும். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆக, லென்ஸைப் பெரிதாக்கி எடை ஏற்றுவதற்கு முன் நல்ல பூச்சுள்ள சிறிய லென்ஸைத் தேடுங்கள். பூச்சுக்கு எடை கிடையாது. அதற்காக 90 சதவீதம் ஒளி கடத்துவதற்கும் 92-க்கும் நடுவே பெரும் தொகை கொடுக்க வேண்டாம், கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குழாய் 30 மி.மீ. என்றால் 25.4 மி.மீட்டரைவிட வெளிச்சம் கூடும் என்று கடைகளில் சொல்வார்கள். கூடாது. குறியை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடும், அவ்வளவுதான். இரவில் நெருங்கிய தூரத்தில் சுடுபவருக்கு அது தேவையே படாது, 25.4 மி.மீ. குழாயால் எடையும் மிச்சம்.

தெர்மல்: எடை எங்கிருந்து வருகிறது

வெப்பத்தைப் படமாக்கும் ஸ்கோப்புக்கு வெளிச்சம் வேண்டாம். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் உடல் வெளியிடும் கதிர்களை அது பார்க்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களை விடாது. அதனால்தான் வண்டிக் கண்ணாடி வழியாகத் தெர்மலில் எதுவும் தெரிவதில்லை, லென்ஸும் ஜெர்மானியத்தில் செய்யப்படுகிறது. ஜெர்மானியத்தின் அடர்த்தி வழக்கமான லென்ஸ் கண்ணாடியைப் போல இரு மடங்கு. 35 மி.மீ. லென்ஸிலிருந்து 50-க்குப் போனால் பரப்பு இரட்டிப்பாகிறது. தெர்மல் ஸ்கோப் மூக்குக் கனத்துப் போக இதுதான் முதல் காரணம்.

இந்த எடையைத் தவிர்க்க ஒரு நல்ல வழி சென்சாரில் இருக்கிறது. பழைய சென்சார்களில் ஒரு பிக்சலின் அளவு 17 மைக்ரான், இப்போது 12. பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தின் நுணுக்கம் தெரிந்துவிடும். 17 மைக்ரானுக்கு 50 மி.மீ. லென்ஸ் தரும் அதே நுணுக்கத்தை 12 மைக்ரானுக்கு 35 மி.மீ. லென்ஸே தருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 17 மைக்ரான் கருவியை வாங்கினால், மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாக எடையைச் சுமப்பீர்கள்.

இப்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணுக்கு வருவோம்: கண்டறியும் தூரம் 1,200 மீட்டர், 1,800 மீட்டர் என்பார்கள். அது "அங்கே ஏதோ இருக்கிறது" என்று தெரியும் தூரம். 1958-இல் ஜான் ஜான்சன் என்பவர் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு பொருள் இருப்பது தெரிய அதன் குறுக்கே ஏறத்தாழ 2 பிக்சல் போதும், எந்த வகை என்று புரிய 8 வேண்டும், இன்னதுதான் என்று அடையாளம் காண 13 வேண்டும். அதுவும் பாதி வாய்ப்புக்குத்தான். விளம்பரத் தூரத்தை ஆறால் வகுத்துவிட்டு, அதற்கும் கீழே நில்லுங்கள்.

உங்கள் தூரத்துக்கு எந்த லென்ஸ் என்று நீங்களே கணக்கிடலாம். 12 மைக்ரான் சென்சாருக்கு 100 மீட்டரில் ஒரு பிக்சல் மூடும் அளவு: 25 மி.மீ. லென்ஸில் 4.8 செ.மீ., 35-இல் 3.4 செ.மீ., 50-இல் 2.4 செ.மீ. தோள் உயரம் 70 செ.மீ. உள்ள பன்றியின் மேல் 13 பிக்சல் விழ வேண்டும் என்றால் 25 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 115 மீட்டர், 35-க்கு 160, 50-க்கு 225. இது தெளிந்த காற்றில், ஏட்டுக் கணக்கு. புல்லில் பாதி மறைந்து நிற்கும் விலங்குக்கு இதில் பாதித் தூரம் வைத்துக்கொள்ளுங்கள். 70 மீட்டருக்குள் சுடுபவருக்கு 35 மி.மீ. சரியாக அமையும். 50 மி.மீ. வாங்குபவர்களில் பலர் தங்களுக்குத் தேவைப்படாத எடையைச் சுமக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

384×288 சென்சாரா, 640×512 சென்சாரா என்று ஒரு குழப்பம் இருக்கிறது. பிக்சல் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால் விலங்கின் மேல் விழும் பிக்சல் எண்ணிக்கையும் ஒன்றுதான். 640 தருவது அகலமான பார்வை: 35 மி.மீ. லென்ஸில் 100 மீட்டருக்கு 384 காட்டுவது 13 மீட்டர் அகலம், 640 காட்டுவது 22 மீட்டர். தேடுவதற்குத் தனிக் கருவி வைத்திருப்பவருக்கு 384 நிறையவே போதும். டிஜிட்டல் ஜூமை நம்பி எதையும் வாங்காதீர்கள், அது இருக்கும் பிக்சலை ஊதிக் காட்டுமே தவிர புதிய விவரம் எதையும் தராது.

என்இடிடி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 25 மில்லிகெல்வின் என்றால் 0.025 டிகிரி வெப்ப வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும். எண் குறைந்தால் நல்லது. மழை பெய்து ஓய்ந்த இரவில், பனிமூட்டத்தில், மரமும் மண்ணும் புல்லும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும்போது இதன் அருமை தெரியும். திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படுவது நல்லது. 9 தடவை மட்டும் புதுப்பிப்பவை நகரும் விலங்குக்கு ஆகாது.

தெர்மலின் ஆபத்தான குறை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விலங்கின் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வெட்டவெளியா, வீடா என்று அதில் சரியாகப் புரியாது. குண்டைத் திருப்பிவிடக்கூடிய குச்சியும் புல்லும் படத்தில் கரைந்து போகும். ஆழம் தெரியாததால் தூரமும் ஏமாற்றும். சுடப்போகும் இடத்தைப் பகலில் போய்ப் பார்த்து, எந்தத் திசையில் பின்னால் மண் இருக்கிறது, எது எத்தனை மீட்டர் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே லேசர் தூரமானி இருந்தால் அதன் எடையை மனமார ஏற்றுக்கொள்ளலாம்.

டிஜிட்டல் ஸ்கோப்பும் முன்னால் மாட்டும் கருவியும்

கேமரா போலப் படமெடுத்துத் திரையில் காட்டும் டிஜிட்டல் இரவு ஸ்கோப் விலை குறைவு. கொம்பு, காது, வால் என்று விலங்கின் உருவம் தெர்மலைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்கு அகச்சிவப்பு விளக்கு வேண்டும், விளக்குக்குத் தனி எடை, தனி பேட்டரி. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும், எதிரிலிருந்து பார்த்தால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. மூடுபனியிலும் முகத்தருகே புல் இருந்தாலும் இரண்டு விளக்கின் ஒளியும் திரும்பிவந்து திரையை வெள்ளையாக்கிவிடும்.

பகல் ஸ்கோப்பின் முன்னால் மாட்டும் தெர்மல் கருவி, பகலும் இரவும் ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வசதி. இரவில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். எடை முழுவதும் முன்னால் போய்த் தொங்குவதால் நின்று சுடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஒளிபெருக்கும் குழாய் கொண்ட கருவிகளின் படம் இயல்பாக, அருமையாக இருக்கும். விலையும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் பலருக்கு அந்தக் கதவை மூடிவிடுகின்றன, பகல் வெளிச்சம் பட்டால் குழாய் கெடும் அபாயமும் இருக்கிறது.

ரெட்டிகிள், கண்ணுக்கு விடும் இடைவெளி

ரெட்டிகிள் என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு. மெல்லிய குறுக்குக்கோடு இருட்டில் காணாமல் போகும். மூன்று பக்கம் தடித்த பட்டைகளும் நடுவில் சிறிய ஒளிப்புள்ளியும் இருந்தால் நல்லது. அந்தப் புள்ளியின் மிகக் குறைந்த ஒளியளவு எவ்வளவு என்று பாருங்கள், அதிகபட்சம் முக்கியமில்லை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரகாசமான புள்ளி அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். மடங்குக்கு ஏற்பக் கோடும் சிறுத்துப் பெருக்கும் முதல் குவியத்தள ரெட்டிகிள், குறைந்த மடங்கில் நூலாகிவிடும். எந்த மடங்கிலும் கோட்டின் தடிமன் மாறாத இரண்டாம் குவியத்தளமே இரவுக்கு மேல்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே வழக்கமான கண்ணாடி ஸ்கோப்பில் 90 மி.மீ. அளவு இடைவெளி கிடைக்கும். சில டிஜிட்டல், தெர்மல் ஸ்கோப்புகளில் 50 தான். லேசான ரைபிள், பலத்த உதை, 50 மி.மீ. இடைவெளி மூன்றும் சேர்ந்தால் புருவம் கிழியும்.

மொத்த எடையைக் கூட்டுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் ஸ்கோப்புக்குத்தான். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுண்ட், பேட்டரி, லென்ஸ் மூடி, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு 18650 பேட்டரி மட்டும் ஏறத்தாழ 45 கிராம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில் வையுங்கள், துப்பாக்கியில் வேண்டாம். உள்ளேயே புதைத்த பேட்டரி மட்டும் கொண்ட ஸ்கோப்பைத் தவிர்க்கலாம்.

மவுண்டில் எடையைக் குறைக்கலாம், உறுதியைக் குறைக்கக் கூடாது. கனமான ஸ்கோப் ஒவ்வொரு உதையிலும் ரிங்கை முன்னோக்கி இழுக்கும். லேசான ஸ்கோப்புக்கு லேசான அலுமினிய ரிங் போதும், 900 கிராம் தெர்மலுக்குப் போதாது. லென்ஸ் குழலில் இடிக்காத அளவுக்கு எவ்வளவு தாழ்வாக மாட்ட முடியுமோ அவ்வளவு தாழ்வாக மாட்டுங்கள். திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு, அளவுகாட்டும் திருப்புளியால் இறுக்குங்கள். கை பலத்தால் இறுக்கி மெல்லிய குழாயை நசுக்கியவர்கள் நிறைய. ஸ்பிரிங் ஏர்ரைபிளுக்கு என்றால், அதன் இருபக்க உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வாங்கும் முன், மாட்டிய பின்

கடையின் விளக்கொளியில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மரத்தடி நிழலைப் பாருங்கள், கிளைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரு விளக்குக்குப் பக்கத்துத் திசையில் பாருங்கள், படம் முழுதும் வெளிறிப் போகிறதா? தெர்மல் என்றால் கையுறை போட்டுக்கொண்டு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். அவ்வப்போது படம் ஒரு கணம் உறைந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதை நீங்கள் விரும்பும்போது மட்டும் செய்ய வைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான நொடியில் உறைந்தால் விலங்கு நகர்ந்திருக்கும்.

ஜீரோ செய்யும்போது, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக வரும்படி சரிசெய்யும்போது, தெர்மலுக்குக் காகித இலக்கு தெரியாது. நடுவில் கை சூடேற்றும் பொட்டலம் ஒன்றை ஒட்டலாம். அல்லது அலுமினியத் தாள் துண்டை மேல்நோக்கிச் சற்றே சாய்த்து ஒட்டினால், வானத்தின் குளிர்ச்சியை எதிரொளித்துக் கருப்பாகத் தெரியும். நீங்கள் வழக்கமாகச் சுடும் தூரத்திலேயே செய்யுங்கள். மூன்று குண்டு, சரிசெய்தல், மறுபடி மூன்று. அப்புறம் துப்பாக்கியை உறையில் போட்டு, வண்டியில் ஒரு சுற்றுப் போய்வந்து, இருட்டிய பிறகு இன்னும் மூன்று சுடுங்கள். குறி நகர்ந்திருந்தால் மவுண்டைக் கழற்றித் திருகுகளை முதலிலிருந்து இறுக்குங்கள். மூன்றும் பழைய இடத்தில் விழுகிற வரை அந்தத் துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள்.